மறிக்கப்பட்ட வெள்ளிக்கிழமைகள்

சிவகுருநாதன் அரிசி டின்னைத் தலைகீழாகக் கவிழ்த்தான்.

சாவி இல்லை.

பருப்பு டின்னையும் கவிழ்த்தான். மைசூர்ப் பருப்பு சமையலறைத் தரையெங்கும் உருண்டு ஓடியது. மெத்தையை ஏற்கெனவே புரட்டியாகிவிட்டது. சட்டைப் பை, சப்பாத்துக்குள், சாமி படத்துக்குப் பின்னால் என்று கை போகாத இடமில்லை. நேற்றுப் பின்னேரம் மேனேஜரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்த லேண்ட் குரூஸர் சாவி, படுக்கப் போகும்போது மேசைமேல்தான் கிடந்தது. இப்போது மேசை மட்டும் இருந்தது.

"சார்! நல்லா விடிஞ்சிருச்சு சார்!" கீழே மஸ்கட்டின் ரூவித் தெருவிலிருந்து டிரைவர் கார்மேகம் கத்தினான். "செக்போஸ்ட்டுல கயித்தைக் கட்டிட்டானுவன்னா அப்புறம் அந்த ராமேஸ்வரத்துச் சாமியே வந்தாலும் மேல விட மாட்டானுவ!"

"வாறன் எண்டு சொல்லும் அவனுக்கு!" என்று மனைவிமேல் பாய்ந்தான் சிவகுருநாதன்.

வள்ளிநாயகி ஜன்னல் பக்கம் போகவில்லை. பிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு சிலை மாதிரி நின்றாள்.

"இஞ்சருங்கோ..."

ஐஸ் தட்டை இழுத்துக் காட்டினாள். தட்டு முழுவதும் ஒரே பாளமாக ஐஸ். அதன் நடுவில், பளிங்குக்குள் அகப்பட்ட பூச்சி போல, சாவி.

"இந்தத் தட்டிலை நான் தண்ணி விடேல்லை," என்றாள் மெதுவாக. "ராத்திரி இது வெறும் தட்டு."

அவனுக்குப் பயம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. பாளத்தைத் தூக்கித் தொட்டியில் ஓங்கி அடித்தான். உடைந்து சிதறிய ஐஸிலிருந்து ஒரு மணம் எழுந்தது. மாரிகாலத்து வெள்ளவாய்க்கால் மணம். கலங்கிய தண்ணீரும் அழுகிய இலையும் சேறும் கலந்த மணம். மழையைக் கண்ணால் காணாத மஸ்கட் நகரத்தில், மூன்றாம் மாடி ஃபிளாட்டில், அந்த மணம் எங்கிருந்து வரும் என்று நின்று யோசிக்க அவனுக்கு நேரமில்லை.

பறந்தார்கள். கார்மேகம் ஆக்சிலரேட்டரை எடுக்காமல் ஓட்டினான். மலையடிச் செக்போஸ்ட்டில் கயிறு கட்டியாகிவிட்டது. வெயில் ஏறிய பிறகு மலைப் பாதையில் மேலே ஏற வண்டி விடுவதில்லை என்பது சட்டம். சிப்பாய் துப்பாக்கியைத் தோளில் மாற்றிக்கொண்டு சிரித்தான்.

"மாஃபி. புக்ரா."

நாளைக்கு வரச் சொல்கிறான். நாளைக்குச் சனிக்கிழமை. வேலை நாள். வேலை நாளில் லேண்ட் குரூஸர் கிடையாது, கார்மேகம் கிடையாது, சிவகுருநாதனுக்கு லீவும் கிடையாது. இருப்பது வெள்ளிக்கிழமை ஒன்றுதான். அதிலும் மூன்று வெள்ளி போய்விட்டது.

போகாவிட்டால் என்ன என்று கேட்கலாம். மலைக்கு அந்தப் பக்கம் இருந்தது ஒரு திராட்சைப் பள்ளத்தாக்கு. ஒரு காலத்தில் அங்கே பழத்தை மிதித்துச் சாடிகளில் புளிக்கவைத்து வைன் செய்தார்களாம். அந்தச் சாடிகளில் இப்போது காடி மட்டும்தான். கம்பெனியின் கஃபீல், அதாவது எல்லாருடைய விசாவுக்கும் பொறுப்பான அரபி முதலாளி மக்தூமுக்கு அங்கே தோட்டம். கோடை வந்தால் மனிதர் நகரத்தை உதறிவிட்டு மேலே ஏறிவிடுவார். கடைசிக் குலை அறுத்துத் தீரும்வரை இறங்கமாட்டார். அங்கே டெலிபோன் கிடையாது. 'மனைவிக்கு ஃபேமிலி விசாவா? மேலே வா, பழம் தின்னு, கையெழுத்துப் போடுகிறேன்' என்று சொல்லியனுப்பியிருந்தார்.

வள்ளிநாயகி வந்தது விசிட் விசாவில். அது முடியப் போகிறது. கையெழுத்து இல்லையென்றால் ஏர் லங்காவில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்ப வேண்டியதுதான். அங்கிருந்து யாழ்ப்பாணம். அவள் வீட்டுக்குப் பக்கத்து வளவில் ஷெல் விழுந்து, பனைமரம் நின்ற இடத்தில் குழிதான் இருக்கிறது என்று கடைசியாக வந்த ஆள் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

அதனால்தான் அந்த ஆத்திரம்.

முதல் வெள்ளி, வண்டியின் நாலு டயரிலும் காற்று இல்லை. டயர் வால்வு மூடிகள் நாலும் அவர்கள் ஃபிளாட் வாசற்படியில், கோலப் புள்ளி மாதிரி வரிசையாக இருந்தன. மாடிப் பிள்ளைகளின் சேட்டை என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக் குஜராத்திக்காரரோடு சண்டைக்குப் போனதில் அவர் இன்றுவரை முகம் கொடுப்பதில்லை. இரண்டாம் வெள்ளி, வள்ளிநாயகி குளியலறைக்குள் இருக்க, வெளிப்பக்கத் தாழ்ப்பாள் தானாகவே விழுந்து இறுகிவிட்டது. ஆசாரியைத் தேடிப் பிடித்துக் கதவை உடைத்து அவளை வெளியே எடுத்தபோது செக்போஸ்ட் நேரம் தாண்டிவிட்டது. கதவு உடைத்ததற்கு மேனேஜர் ஏசினது தனிக் கதை.

இரண்டு நாளும் தரையில் ஈரக் காலடிகள் கிடந்தன. குளியலறையிலிருந்து வாசல்வரை. தண்ணீர்க் குழாயைச் சந்தேகப்பட்டுப் பிளம்பரைக் கூப்பிட்டான். பிளம்பர் குழாயைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் அச்சா ஹை," என்று போய்விட்டான்.

இன்றைக்கு ஐஸ்.

செக்போஸ்ட்டிலிருந்து திரும்பி வந்து மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்தார்கள். கார்மேகத்தையும் விடவில்லை. ராமநாதபுரத்துப் பக்கத்து ஆள், வெறும் வயிற்றோடு போகக் கூடாது என்று வள்ளிநாயகி பிடிவாதமாக இலை போட்டாள்.

"ஒரு சாடியாவது மறந்துபோயி அங்க கிடக்காதா சார்?" என்று கார்மேகம் சூழ்நிலையை லேசாக்கப் பார்த்தான். "நம்ம படுற பாட்டுக்கு ஒரு மடக்கு வைன் ஊத்துனாத்தான் என்னவாம் அந்த மலை?"

"உமக்குப் பகிடி. எனக்கு உயிர் போகுது."

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

டிக்... டிக்... டிக்...

மூவரும் திரும்பினார்கள். அலமாரித் தட்டில் கவிழ்த்து வைத்திருந்த சின்னக் கண்ணாடிக் கிளாஸ்கள். அவை நிமிர்ந்திருந்தன. ஒவ்வொன்றும் இடதுபக்கம் சாய்ந்தது. வலதுபக்கம் சாய்ந்தது. மறுபடி இடது. யாரோ விரலால் பிடித்து ஆட்டுவது போல. காற்றில்லை. ஏசியும் ஓடவில்லை.

வெள்ளவாய்க்கால் மணம் சோற்று மணத்தை அமுக்கிக்கொண்டு வந்தது.

கார்மேகத்தின் கையிலிருந்த உருண்டை இலையில் விழுந்தது.

"சார்... அரபி வீட்ல காவா, அதான் அவங்க காப்பி, குடிச்சிருக்கீங்களா?"

"இப்ப அதுதானோ கதை?"

"கப்பைக் கீழ வச்சா ஊத்திக்கிட்டே இருப்பாங்க சார். 'போதும்'னு சொல்லணும்னா கப்பை இப்படி... இப்படித்தான் ஆட்டணும்." அவன் குரல் இறங்கிக் கிசுகிசுப்பானது. "இது போதும்னு சொல்லுது சார்."

கிளாஸ்கள் ஆடுவதை நிறுத்தின.

யாரோ கேட்டுக்கொண்டிருந்ததைப் போல.

சிவகுருநாதனின் பொறுமை அந்த இடத்தில் அறுந்தது. நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தான். "போதுமோ? எனக்கும்தான் போதும்! என்ரை வீட்டிலை இருந்துகொண்டு என்ரை வழியை மறிக்கிறதுக்கு நீ ஆர்?"

குளியலறை வாசலில் ஒரு ஈரக் காலடி தோன்றியது. பிறகு இன்னொன்று. கால் இல்லை, ஆள் இல்லை. காலடி மட்டும் ஒன்றொன்றாக அவர்களை நோக்கி வந்து, அவனுக்கும் வாசல் கதவுக்கும் நடுவில் நின்றது.

சிறிய பாதம். பெண்ணின் பாதம்.

கார்மேகம் சுவரோடு ஒட்டிக்கொண்டான். வள்ளிநாயகிதான் அசைந்தாள். அவள் முகத்தில் இரத்தமே இல்லை. திருநீற்றுத் தட்டையும் கற்பூரத்தையும் எடுத்து வந்தாள். செத்தல் மிளகாயைத் தணலில் போட்டாள். நெடி கண்ணைக் குத்தியது. கதவை அகலத் திறந்து, வாசற்படியில் கற்பூரத்தைக் கொளுத்தி வைத்தாள்.

"நல்லூர்க் கந்தனாணை," என்றாள். குரல் கல் மாதிரி இருந்தது. "போ வெளியிலை. இனி இந்த வாசற்படி மிதிக்கப்படாது."

கற்பூரம் படபடத்து எரிந்தது.

பிறகு ஒரு விம்மல். மிக மெல்லிய விம்மல். குழந்தையை அடித்துத் துரத்தினால் வருமே, அந்த மாதிரி.

காலடிகள் திரும்பின. கற்பூரத்தைச் சுற்றி விலகி, படியைத் தாண்டி, வெளிப் படிக்கட்டில் ஒவ்வொரு படியாக இறங்கிப் போயின. சீமெந்துப் படியில் ஒவ்வோர் ஈர அடியும் சூட்டில் காய்ந்து மறைய, அடுத்தது தெரிந்தது.

மணம் போய்விட்டது. வீட்டில் மிளகாய் நெடி மட்டும்.

"சனியன் துலைஞ்சுது," என்றான் சிவகுருநாதன்.

வள்ளிநாயகி உள்ளே போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். வெகுநேரம் கழுவினாள்.

அடுத்த வெள்ளி எல்லாம் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. சாவி வைத்த இடத்தில் இருந்தது. டயரில் காற்று இருந்தது. தாழ்ப்பாள்கள் எல்லாம் தாழ்ப்பாள்களாகவே நடந்துகொண்டன. வண்டி ஒரே திருப்பில் கிளம்பியது. செக்போஸ்ட்டில் போன வாரம் சிரித்த அதே சிப்பாய் கயிற்றை அவிழ்த்து, "யல்லா, யல்லா," என்று தானே கைகாட்டி அனுப்பினான்.

சிவகுருநாதன் பல மாதத்துக்குப் பிறகு சீழ்க்கையடித்தான்.

கார்மேகம் மட்டும் பேசாமல் ஓட்டினான். முதல் கொண்டையூசி வளைவு தாண்டியதும் கண்ணாடி வழியாகப் பின்சீட்டைப் பார்த்தான். அங்கே வள்ளிநாயகி தனியாக, ஒரு மூலையோடு ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளும்."

"இது அரபு நாடு. இங்க இருக்கற பேய், பிசாசு, ஜின்னு எல்லாம் அரபிதானே? உங்க ஊரு நல்லூர்ச் சாமி பேரைச் சொன்னதும் அது ஏங்க்கா கேட்டுச்சு? அதுக்கு எப்படித் தெரியும் அது யாருன்னு?"

சிவகுருநாதனின் முதுகில் ஏதோ ஊர்ந்தது. அதை அவன் கோபமாக மாற்றிக்கொண்டான். "பாதையைப் பார்த்து ஓடும் காணும்! வழி திறந்திருக்கு, கையெழுத்துக் கிடைக்கப் போகுது. உமக்கு இப்பதான் ஆராய்ச்சி."

வள்ளிநாயகி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பள்ளத்தாக்கு வந்தது. வாதி என்று அவர்கள் சொல்லும் காட்டாற்றுப் படுகை, வெள்ளைக் கூழாங்கல் நிரம்பி, எலும்பு மாதிரிக் காய்ந்து கிடந்தது. அதற்கு மேலே படிப்படியாகத் திராட்சைப் பந்தல்கள். அவ்வளவு மொட்டைப் பாறைக்கு நடுவில் அந்தப் பச்சை, நம்ப முடியாத பச்சையாக இருந்தது. மேல்வீட்டுக்கு வண்டிப் பாதை இல்லை. படுகையைக் கடந்து, அக்கரை ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டுக் கற்படி ஏறினார்கள். வானம் கழுவித் துடைத்த நீலம். ஒரு மேகம் இல்லை.

மக்தூம் வாசலுக்கே வந்து கட்டியணைத்தார். நல்ல மனிதர். தாடியில் மருதோன்றிச் சிவப்பு. பந்தல் நிழலில் பாய் விரித்து, தட்டு நிறையக் கருந்திராட்சை வைத்து, காவா ஊற்றினார். பேச்சு அரைகுறை உருதுவில். கடுதாசியை நீட்டியதும் முழங்காலில் வைத்துச் சரக்கென்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அவ்வளவுதான். இதற்காகத்தான் அத்தனை வெள்ளி.

சிவகுருநாதன் கடுதாசியைச் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானும் போட்டான். உடனே எழுந்தான். "வெளிக்கிடுவம். இருட்டுறதுக்குள்ளை ரூவிக்குப் போயிடலாம்."

கார்மேகமும் எழுந்தான்.

வள்ளிநாயகி எழவில்லை.

"நான் இன்னும் கோப்பி குடிக்கேல்லை," என்றாள்.

"ஒரு வாய்தானே, குடியும்!"

"சுடுது."

"அது ஆறிப்போய் எவ்வளவு நேரம்!"

அவள் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கீழே படுகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேய் விட்டாலும் பெண்டாட்டி விடமாட்டாள் போலிருக்கிறது! கஃபீலுக்கு முன்னால் சத்தம் போடவும் முடியவில்லை. கார்மேகத்திடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்: "நீர் போய் வண்டியைத் திருப்பி வையும்."

"அவனையும் இருக்கச் சொல்லுங்கோ." வள்ளிநாயகியின் குரல் உயர்ந்தது. "ஒருத்தரும் இறங்கப்படாது!"

மக்தூம் மூவரையும் மாறிமாறிப் பார்த்தார். சங்கடத்தைத் தீர்க்க நினைத்தவர் போலப் பேச்சை மாற்றினார்.

"வண்டியில் இருக்கும் அம்மாவை ஏன் மேலே அழைத்து வரவில்லை? வெயிலில் உட்கார்ந்திருக்கிறாரே."

"எந்த அம்மா?"

"பின்சீட்டில். நீங்கள் வந்து இறங்கியபோதே பார்த்தேன். தலையெல்லாம் நனைந்து, தண்ணீர் சொட்டுகிறது. உடம்புக்கு முடியவில்லையா?"

கார்மேகம் விளிம்புக்கு ஓடிக் கீழே எட்டிப் பார்த்தான்.

அவன் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

சத்தம் வேறு பக்கத்திலிருந்து வந்தது.

முதலில் தூரத்தில் லாரி வருவது போல. பிறகு நூறு லாரி. பந்தலில் குலைகள் நடுங்கின. தட்டிலிருந்த திராட்சைகள் தானாக உருண்டன. மேலே வானம் அதே நீலம். எங்கோ மலைக்குப் பின்னால் பெய்த மழை, வளைவு திரும்பிப் பழுப்புச் சுவராக வந்தது. பாறையை, மரத்தை, ஒரு முழு ஆட்டுப் பட்டியை உருட்டிக்கொண்டு வந்தது. லேண்ட் குரூஸர் ஒருமுறை தூக்கிப் போட்டது போல் எழும்பியது. பின் கண்ணாடியில் ஒரு வெள்ளை உள்ளங்கை பதிந்திருந்ததை சிவகுருநாதன் தன் கண்ணால் கண்டான்.

வண்டி இல்லை.

எங்கும் அதே மணம். கலங்கிய தண்ணீர், அழுகிய இலை, சேறு.

இறங்கியிருந்தால் படுகையின் நடுவில் இருந்திருப்பார்கள்.

மக்தூம் பாயில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அந்த முகத்தை எங்கோ பார்த்தது போல இருந்தது... எனக்கு ஏன் உறைக்கவில்லை! உன் நாற்காலியில் உனக்கு முன்னால் இருந்தவன் கந்தையா. உன் ஊர்க்காரன். அவன் மனைவி ராசம்மா. அவளுக்கும் இதே கையெழுத்துக்காகத்தான் வந்தார்கள். இதே பாயில் உட்கார்ந்தார்கள். வரும்போது ஒன்றுமில்லை. சிரித்துக்கொண்டு இறங்கினார்கள், இறங்கும்போதுதான் தண்ணீர் வந்தது. அவனை ஒரு மரக்கிளையிலிருந்து எடுத்து ஊருக்கு அனுப்பினோம். அவளை இன்றுவரை எடுக்கவில்லை."

"அவர்கள்... ரூவியில் எங்கே இருந்தார்கள்?" என்று கேட்டான் சிவகுருநாதன்.

"கம்பெனிக்கு இருப்பது ஒரே ஃபிளாட்தானே. உன் வீடுதான்."

வாதி மறுநாள் காலை வடிந்தது. மக்தூம் தன் ஜீப்பிலேயே அவர்களை இறக்கிவிட வந்தார். கார்மேகம் அவர் பக்கத்தில், ராத்திரியெல்லாம் அழுத கண்ணோடு. பின்சீட்டில் புருஷனும் பெண்சாதியும். வெயில் பளிச்சென்று அடித்தது. செக்போஸ்ட்டைத் தாண்டித் தார்ச்சாலைக்கு வந்த பிறகுதான் சிவகுருநாதனுக்கு உயிர் வந்தது. பையைத் தொட்டுப் பார்த்தான். கையெழுத்து இருந்தது. இனி வள்ளி போகவேண்டியதில்லை. ஷெல் இல்லை, விமானம் இல்லை.

"பாவம் அந்த மனுசி," என்றான் தழுதழுத்து. "எங்களைக் காப்பாத்தத்தான் அவ்வளவும் செய்திருக்கிறா. நாங்கள் தெரியாமல் துரத்திப்போட்டம்."

"கொஞ்சம் தள்ளி இருங்கோ," என்றாள் வள்ளிநாயகி.

தள்ளினான். அவள் தன் பக்கமும் ஒதுங்கினாள். இருவருக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விழுந்தது. அவளுடைய சேலையின் அந்தப் பக்கம் மட்டும் நனைந்திருந்தது.

"நாங்கள் தெரியாமல் இல்லை," என்றாள். "நீங்கள்தான் தெரியாமல்."

"என்ன சொல்லுறீர்?"

"அவ என்னோடை முதல் வெள்ளியே கதைச்சவ. 'போகாதை பிள்ளை, திரும்பி வரமாட்டாய்' எண்டு. பேர் சொன்னவ, ஊர் சொன்னவ. இறங்கேக்கைதான் தண்ணி வரும் எண்டதையும் சொன்னவ." வள்ளிநாயகி நேராக முன்னால் பார்த்துக்கொண்டே பேசினாள். "உங்களிட்டைச் சொன்னா நீங்கள் போகமாட்டியள். போகாட்டி என்னை ஏத்தி அனுப்பிவிடுவியள். எனக்கு அங்கை திரும்பிப் போகப் பயமாயிருந்துது. அதுதான் ஆரெண்டு தெரிஞ்சுகொண்டே ஆணை போட்டனான்."

நடுவிலிருந்த சீட்டில், தார்ச்சாலையின் ஆட்டத்தோடு, ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. இன்னொன்று விழுந்தது.

"வாசற்படி மிதிக்கப்படாதெண்டு சொன்னது நான். அவவுக்கு வேறை வீடு இல்லை," என்றாள் வள்ளிநாயகி. "அதுதான் வெளிக்கிட்ட நேரம் துடங்கி என்ரை காதுக்குள்ளை ஒரே கேள்வி. இனி நான் எங்கை இருக்கிறது, பிள்ளை, எண்டு கேட்டுக்கொண்டே வாறா."